கோடை மலையில் கதிரவனைப் பயின்ற அம்மையார்



ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நியூட்டன், பிரான்ஹோபர், டாப்ளர், ராமன் என்று பெயர்களை வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பியபோது, திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு மாணவி எழுந்து நின்றாள். "டீச்சர், இதுல ஒரு பொம்பளைப் பேர்கூட இல்லையே?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "மேரி கியூரி இருக்கிறாரே" என்றேன். "அவங்கதான் எல்லா வருஷமும் வர்றாங்களே டீச்சர், வேற யாருமே இல்லையா?" என்று அவள் விடவில்லை. மணி அடித்தது. நான் தப்பித்தேன்.

உண்மையில் தப்பிக்கவில்லை. அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. அதற்கான விடை எங்கோ ஐரோப்பாவில் இல்லை, நாம் சுற்றுலா போகிற கோடைக்கானலிலேயே இருந்தது. விழுப்புரம் சந்திப்பில் இரவு ரயிலேறி, கோடை ரோடு நிலையத்தில் விடியற்காலை இறங்கி, வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் மலையேறி, ஏரியில் படகு விட்டு, சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோமே, அதே கோடைக்கானல்தான். அங்கே சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், ஊருக்கு மேலே ஒரு குன்றில் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அந்தக் குன்றில் 1907 முதல் 1923 வரை ஒரு பெண்மணி சூரியனை ஆராய்ந்தார். அவர் பெயர் மேரி ஆக்வர்த் எவர்ஷெட். அவரைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்த ஆய்வுக்கூடம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. நம் தென்னாற்காடு மாவட்டமும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. மழை ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தவர்களுக்கு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. சூரியனை நாள்தோறும் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்பது அன்றைய நம்பிக்கை. அது அவ்வளவு எளிதாகக் கைகூடவில்லை என்பது வேறு கதை. ஆனால் அந்த நம்பிக்கைதான், 1792 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாராய்ச்சிக் கூடத்தின் வேலையை 1899இல் மலைமேல் ஏற்றியது. தூசியற்ற காற்றும் மேகமற்ற காலை வேளையும் அங்கே கிடைத்தன. பசித்த வயிறுகளுக்காகத் தொடங்கிய ஆய்வு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி அம்மையாரின் கதைக்கு வருவோம். மேரி 1867 ஜனவரி 1ஆம் நாள் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் ஆர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிக்கூடம், கல்லூரி என்று போனவரல்லர், வீட்டிலேயே படித்தார். பட்டம் எதுவும் அவர் பெயருக்குப் பின்னால் இல்லை. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு அதுவே வழக்கம். இருபது வயதை ஒட்டி இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரத்தில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே தாந்தேயைப் படித்தார்.

தாந்தே யார் என்று நம் சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1265இல் பிளாரன்சில் பிறந்த பெருங்கவிஞர். நரகம், உத்தரிக்கும் தலம், மோட்சம் ஆகிய மூன்றின் வழியாகவும் தாம் நடந்துபோனதாகப் பாடியவர். அந்தக் காவியத்தின் மூன்று பாகங்களும் 'விண்மீன்கள்' என்ற ஒரே சொல்லில்தான் முடிகின்றன. வழிநெடுகச் சூரியன் எங்கே நிற்கிறது, நிலா எப்போது எழுகிறது, எந்த விண்மீன் கூட்டம் தலைக்கு மேலே வருகிறது என்று கவிஞர் கணக்கோடு சொல்லிக்கொண்டே போவார். பெரும்பாலோர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். மேரி தாண்டவில்லை. இந்தக் கணக்கு சரிதானா என்று வானத்தைப் பார்த்தார். வானவியலுக்குள் அவர் நுழைந்தது கவிதை வழியாகத்தான்.

1890இல் தாயோடும் சகோதரியோடும் ஆஸ்திரேலியா சென்றார். அங்கே அண்ணாந்து பார்த்தால் வேறொரு வானம்! தெற்கு வானத்து விண்மீன்களைச் சாதாரண மக்களுக்குச் சொல்லும் எளிய நூல் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தாமே எழுதினார். ஆஸ்திரேலிய வானவியலார் ஜான் டெப்பட் அவரை ஊக்கப்படுத்தினார். அந்நாட்டில் தென்சிலுவைக் கூட்டம் வானத்தில் உயரமாக நிற்கும். நமக்கும் அது தெரியாமலில்லை. ஏப்ரல், மே மாத இரவுகளில் நம் விழுப்புரத்து மொட்டை மாடியிலிருந்து நேர்தெற்கே, தென்னை மர உயரத்தில், நாலு விண்மீன்கள் சாய்ந்த சிலுவைபோல நிற்பதைக் காணலாம். திரிசங்கு என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பிறகு கோடைக்கானலிலிருந்தும் மேரி அதைப் பார்த்திருப்பார்.

1895இல் இங்கிலாந்து திரும்பிய மேரி, மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு இரவுகளில் விண்மீன்களைக் கவனித்தார். அக்காலத்தில் ராயல் வானவியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1916இல்தான் கதவு திறந்தது. ஆனால் 1890இல் தோன்றிய பிரிட்டிஷ் வானவியல் சங்கம் தொடக்கம் முதலே பெண்களை வரவேற்றது. அதில் மேரி சேர்ந்தார். 1896 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணம் காண அச்சங்கத்தார் கப்பலேறி நார்வே நாட்டுக்குப் போனார்கள். பாவம், அன்று மேகம் மூடிவிட்டது. கிரகணம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில்தான் ஜான் எவர்ஷெட் என்பவரோடு பழக்கம் ஏற்பட்டது. ரசாயனத் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்தவர் அவர். 1906இல் இருவரும் மணந்துகொண்டார்கள். மணமகளுக்கு வயது முப்பத்தொன்பது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோரில் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது!

ஜானுக்குக் கோடைக்கானலில் உதவி இயக்குநர் பதவி கிடைத்தது. அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு, வழியில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் சூரிய ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, 1907 ஜனவரியில் இருவரும் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது மோட்டார்ப் பாதை கிடையாது. நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறவேண்டும். பதவி கணவருக்கு, மேரிக்கு உத்தியோகம் எதுவும் இல்லை. ஆயினும் வேலை இருவருக்கும் இருந்தது.

என்ன வேலை? இங்கே சற்றுப் பாடம் நடத்த அனுமதியுங்கள்.

சூரியனின் முகம் நாம் நினைப்பதுபோல மாசற்றதன்று. அதில் கரும்புள்ளிகள் உண்டு. சூரியப் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். புள்ளியின் நடுப்பகுதியில் அதைவிட ஓராயிரத்து ஐந்நூறு டிகிரி அளவுக்குக் குறைவு. அதனால்தான் கறுப்பாகத் தோன்றுகிறது. தனியே எடுத்து வைத்தால் அதுவும் கண்ணைக் கூசச் செய்யும். புள்ளியின் நடுவே கருநிழல், அதைச் சுற்றிக் கண்ணிமை மயிர்போல நார்நாராக அரைநிழல். ஒரு பெரிய புள்ளிக்குள் நம் பூமியையே போட்டுவிடலாம்.

1908இல் மவுண்ட் வில்சனில் ஹேல் என்பவர் கரும்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். அப்படியானால் அங்கே வாயு சுழற்காற்றுபோலச் சுழலவேண்டும் என்று பலரும் எண்ணினர். சுழல்கிறதா என்று பார்க்க 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கோடைக்கானலில் நிறமாலையைப் படம் எடுத்தார்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? திண்டிவனம் நிலையத்தில் நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்று கேட்கிறது. தாண்டிப் போனவுடன் சுருதி இறங்கிவிடுகிறது. இது டாப்ளர் விளைவு. ஒலிக்கு உள்ளது ஒளிக்கும் உண்டு. நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகிப் போகும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமாகவும் மயிரிழை அளவு நகரும். அந்த மயிரிழையை அளந்தால் வேகம் கிடைத்துவிடும்.

அளந்தபோது சுழற்சி காணப்படவில்லை! சூரியவட்டின் ஓரத்தருகே இருந்த புள்ளிகளில், நடுவட்டைப் பார்த்த பக்கத்து அரைநிழலில் கோடுகள் நீலத்துக்கு நகர்ந்தன. ஓரத்தைப் பார்த்த பக்கத்தில் சிவப்புக்கு நகர்ந்தன. புள்ளி வட்டின் நடுவில் இருக்கும்போதோ நகர்வு இல்லை. இதன் பொருள் என்ன? வாயு மேலும் கீழும் போகவில்லை; சுழலவும் இல்லை. வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் நாலா பக்கமும் பரவி ஓடுமே, அதுபோலப் புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக, பரப்பை ஒட்டியே, நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் உலகம் இதை 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தக் கண்டுபிடிப்பு மேரியுடையதன்று, ஜானுடையது. நம் மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆசையில் ஒருவர் கிரீடத்தைக் கழற்றி இன்னொருவருக்குச் சூட்டிவிடக்கூடாது. மேரிக்குத் தனியே சொந்த வேலை இருந்தது. அதைச் சொல்கிறேன்.

முழுக் கிரகணத்தின்போது நிலா சூரியனை மறைத்ததும், கறுத்த வட்டின் ஓரத்தில் செந்நிறக் கொழுந்துகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இவற்றைச் சூரியச் சுடர்க்கொழுந்துகள் என்போம். பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு. சில கொழுந்துகள் லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் எழும். 1868 ஆகஸ்ட் 18இல் நடந்த முழுக் கிரகணத்தைக் காண ஜான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆந்திராவின் குண்டூருக்கு வந்தார். கொழுந்துகளின் நிறமாலை அத்தனை பிரகாசமாக இருக்கக் கண்டு, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும் விட்டார். அதன்பின் நாள்தோறும் கொழுந்துகளைக் கவனிக்க வழி பிறந்தது. கோடைக்கானலில் 1904 முதல் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்ற கருவியால், கால்சியத்தின் ஒளியில் மட்டும் சூரியனைப் படம் எடுத்து வந்தார்கள்.

இந்தப் படங்களும் பதிவுகளும் ஆயிரக்கணக்கில் குவிந்தன. குவிந்தவற்றை யார் உட்கார்ந்து பார்ப்பது? ஒவ்வொரு கொழுந்தும் சூரியனின் எந்த அட்சரேகையில் எழுந்தது, எவ்வளவு உயரம், என்ன வடிவம், அடியில் கரும்புள்ளி உண்டா இல்லையா என்று பொறுமையாகப் பார்த்துப் பட்டியலிட வேண்டும். வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வேலையின் அருமை விளங்கும். மேரி செய்தது இதைத்தான். கரும்புள்ளிகளை ஒட்டி எழும் கொழுந்துகள் மற்றவை போல மேகமாக அமைதியாக நிற்பதில்லை. அவற்றுக்கென்று தனி வகைகளும் தனிப் போக்கும் உண்டு. அந்த வகைகளை விவரித்து 1913இல் ராயல் வானவியல் கழகத்தின் மாத இதழில் தம் பெயரில் கட்டுரை வெளியிட்டார். அவரை உறுப்பினராக ஏற்காத அதே கழகம்தான்! 1917இல் கணவன் மனைவி இருவர் பெயரிலும், கொழுந்துகளைப் பற்றிய பெரிய ஆய்வுத் தொகுதி ஒன்று கோடைக்கானல் வெளியீடாக வந்தது. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகிக் குறைகின்றன அல்லவா? கொழுந்துகளின் இருப்பிடமும் அந்தச் சுற்றோடு சேர்ந்து மாறுவதை அத்தொகுதியில் காணலாம்.

பகலெல்லாம் சூரியன் என்றால், எஞ்சிய நேரத்தில் பழைய தாந்தே. பெரிய நூலகம் எதுவும் அருகில் இல்லாத அந்த மலையில் உட்கார்ந்து, 'தாந்தேயும் ஆதி வானவியலாரும்' என்ற நூலை எழுதி முடித்தார். முதல் உலகப்போருக்குச் சற்றுமுன் அது வெளிவந்தது. கிரேக்கர் காலம் தொட்டு தாந்தே காலம்வரை மனிதன் வானத்தை எப்படி விளங்கிக்கொண்டான் என்று முதலில் சொல்லி, பிறகு கவிஞரின் வானத்தை அடியடியாக விளக்கும் நூல் அது. அதில் ஆசிரியர் பெயர் எம். ஏ. ஆர் என்று பிறந்த வீட்டுப் பெயராக இருந்தது. தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டாரதி சேயர்ஸ் அம்மையார் இந்த நூலை மிகவும் பாராட்டியிருக்கிறார். ஆசிரியர் மறைந்தபின் 1956இல் அது மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. விஞ்ஞானமா, இலக்கியமா என்று பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளில் வராந்தாவில் நின்று அழுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூல் நினைவுக்கு வருகிறது.

எல்லாமே வெற்றியாக முடிந்துவிடவில்லை. 1922இல் ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதிக்க, ஆஸ்திரேலியாவில் வல்லால் என்னும் கடற்கரைக்குக் கிரகணம் காண எவர்ஷெட் தம்பதியர் சென்றனர். வானம் தெளிவாக இருந்தது; அவர்கள் கருவிதான் ஒத்துழைக்கவில்லை. அருகிலேயே முகாமிட்டிருந்த அமெரிக்கக் குழுவினர் வெற்றியோடு திரும்பினர். அடுத்த ஆண்டு ஜான் ஓய்வு பெற்றார். 1918இலேயே அவருக்கு ராயல் வானவியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்திருந்தது. மேரிக்கு அப்படிப் பதக்கம் எதுவும் இல்லை. 1924இல் உறுப்பினர் ஆனார். அப்போது வயது ஐம்பத்தேழு. 1930 முதல் 1944 வரை பிரிட்டிஷ் வானவியல் சங்கத்தின் வரலாற்றுப் பிரிவை நடத்தினார். நிலாவில் உள்ள பள்ளங்களுக்கு யார் யார் பெயர் இடப்பட்டுள்ளது என்று விளக்கும் நூல் ஒன்றை 1938இல் அவர் முயற்சியால் சங்கத்தார் வெளியிட்டனர். 1949 அக்டோபர் 25இல், 82ஆம் வயதில், இங்கிலாந்தில் காலமானார்.

அவர் பார்த்த படத் தட்டுகள் இன்றும் கோடைக்கானலில் இருக்கின்றன. 1904 முதல் தொடர்ந்து நூறாண்டுக்கு மேல் சேர்ந்த அந்தச் சேமிப்பு இப்போது கணிப்பொறியில் ஏற்றப்பட்டு உலக ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. அந்தத் தட்டுகளைக் கழுவி, உலர்த்தி, தேதி எழுதி வைத்த உள்ளூர் உதவியாளர்கள் பலரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆய்வுக்கூடம் 1971 முதல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 2019இல் அந்நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண்மணி, பாலக்காட்டைச் சேர்ந்த டாக்டர் அன்னபூரணி சுப்பிரமணியம். அந்நிறுவனம் செய்த கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 புறப்பட்டது. 2024 ஜனவரி 6இல், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தன் இருப்பிடத்தை அடைந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி. செங்கோட்டையில் பிறந்து, அங்குள்ள அரசு பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனவர். ரயிலில் வரும் நம் மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய பெயர்கள் இப்போது மூன்றாகிவிட்டன.

முடிக்குமுன் ஒரு செய்தி. 2019 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், நம் மாநிலத்தில் வளையச் சூரிய கிரகணம் நடந்தது. திண்டுக்கல், திருச்சிப் பக்கங்களில் சூரியன் நெருப்பு மோதிரமாக நின்றது; நம் ஊரில் பிறையாகத் தெரிந்தது. விடுமுறை முடிந்து வந்ததும் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கை தூக்கியவர்கள் ஏழு பேர். மற்றவர்களை வீட்டில் கதவடைத்து உட்கார வைத்திருந்தார்கள். "பாட்டி தாம்பாளத்துல உலக்கையை நிறுத்தி வச்சு, அது விழற வரைக்கும் வெளியே போகக்கூடாதுன்னுட்டாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தால் பார்வை போகும் என்பது முழு உண்மை. அந்த மட்டில் பாட்டி சொன்னது சரிதான். ஆனால் பாதுகாப்பாகப் பார்க்க எளிய வழி உண்டு.

முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மில்லிமீட்டர் அளவு துளையிட்ட கறுப்புத் தாளை அதன்மேல் ஒட்டுங்கள். வெயிலில் வைத்து, திறந்த வாசல் வழியாக இருண்ட அறையின் வெள்ளைச் சுவரில் ஒளியை விழச் செய்யுங்கள். கண்ணாடியிலிருந்து சுவர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால், சூரியனின் உருவம் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் விழும். சுவரைத்தான் பார்க்கவேண்டும், கண்ணாடியையோ சூரியனையோ பார்க்கக்கூடாது. தொலைநோக்கி வழியாக ஒருபோதும் சூரியனைப் பார்க்காதீர்கள். அதன் உருவத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்து, ஆசிரியர் உடனிருக்க, கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து வந்தால் புள்ளிகள் மெல்ல இடம் பெயர்வதும், இரண்டு வாரத்தில் ஒரு புள்ளி வட்டின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் மறைவதும் தெரியும். சூரியன் தன்னைத் தானே சுற்றுகிறது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அடுத்து நம் மாநிலத்தில் வளையக் கிரகணம் 2031 மே 21, புதன்கிழமை வருகிறது. கேரளத்திலும் மதுரைப் பக்கத்திலும் வளையமாகவும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிறையாகவும் தெரியும். கோடை விடுமுறை, பள்ளி இராது. கண்ணாடியையும் துளையிட்ட தாளையும் முதல்நாளே எடுத்து வையுங்கள். உலக்கை நிற்கிற தாம்பாளம் ஒரு பக்கம் இருக்கட்டும். சுவரில் பிறை விழுந்ததும் பாட்டியையும் அறைக்குள் அழைத்து வந்து காட்டுங்கள்.